மழை நாள் மாதிரியைத் தள்ளிப்போடாதீர்கள்

சிப்பி வளர்ப்பு நீருக்கு அமெரிக்கத் தேசியச் சிப்பிச் சுகாதாரத் திட்டம் வைத்திருக்கும் இரண்டு வரம்புகள் நம் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஐந்து குழாய் முறையில், 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கோலிபார்மின் பெருக்குச் சராசரி 14-ஐத் தாண்டக்கூடாது. முறைசார் சமவாய்ப்பு மாதிரித் திட்டத்தில், மதிப்பிட்ட 90-ஆம் சதமானம் 43-ஐத் தாண்டக்கூடாது. வரம்பில் குறையில்லை. மாதிரி எடுக்கும் நாளில்தான் கோளாறு நுழைகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையத்தில் 30 மாதிரிகள். வெயில் நாளில் அளவு 2, கனமழைக்குப் பின் 300 என்று வைத்துக்கொள்வோம். மழை மாதிரி ஐந்து இருந்தால் பெருக்குச் சராசரி 5-ஐக்கூட எட்டாது. ஆனால் 90-ஆம் சதமானம் 52-ஐத் தொடும், நிலையம் தேறாது. அந்த ஐந்தில் இரண்டை மட்டும் வெயில் நாளுக்கு மாற்றுங்கள்: சதமானம் ஏறத்தாழ 23. நிலையம் தேறிவிடும். கடல் அதே கடல், கழிவும் அதே கழிவு.

படகு கிளம்பாத நாளை யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுப்பதில்லை. அலை அதிகம், கரையோரச் சாலையில் வெள்ளம், மாதிரியை உரிய நேரத்தில் ஆய்வகத்தில் சேர்க்க முடியாது: எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் கழிவுத் தொட்டிகள் வழிந்து, மாட்டுச்சாணமும் தெருச்சாக்கடையும் கழிமுகத்துக்கு வருவதும் அதே நாளில்தான். இப்படித் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் பதிவேடு ஒரே பக்கமாகச் சாய்கிறது.

ஆகவே மூன்று நடைமுறைகளை வற்புறுத்துகிறோம். ஆண்டு அட்டவணையோடு மாற்று நாளையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். வானிலையைப் பார்த்து அதை மாற்றக்கூடாது. எடுக்காமல் விட்ட நாளையும் காரணத்தோடும் முந்தைய நாட்களின் மழையளவோடும் பதிய வேண்டும். மழைக்கும் மலக்கோலிபார்முக்கும் தொடர்பு தெரிந்தால், சராசரியின் நிழலில் ஒதுங்காமல், குறிப்பிட்ட மழையளவுக்கு மேல் அறுவடையை நிறுத்தும் நிபந்தனைப் பகுதியாக அந்த வளர்ப்பு நீரை வகைப்படுத்த வேண்டும்.

இதனால் வளர்ப்போருக்குச் சில நாள் வருமானம் போகும் என்பது உண்மை. ஆனால் 1924–25 குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் சிப்பி வழியே டைபாய்டு பரவியபோது விழுந்தது மொத்தச் சந்தையும்தான். அதன் பிறகே இந்தத் திட்டம் வந்தது. மூடும் நாளை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த பகுதியைத்தான் வாங்குபவர் நம்புவார்.