வண்டி மாறுவதற்கு அபராதம் எதற்கு?

சென்னையில் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ ஆகியவற்றுக்கு ஒரே க்யூஆர் சீட்டு எடுக்க உதவும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. மெட்ரோவுக்காக 2023-இல் அறிமுகமான சிங்காரச் சென்னை அட்டை அதற்குச் சில மாதங்கள் முன்பே மாநகரப் பேருந்துகளிலும் செல்லுபடியாகத் தொடங்கியிருந்தது. இரண்டும் நல்ல வேலைகள். சில்லறைக்காக நடத்துநரோடு மல்லுக்கட்டுவதும், டிக்கெட் கவுன்ட்டரில் நிற்கும்போதே ரயில் கிளம்பிப் போவதும் குறைந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் செல்பேசித் திரையில் ஒன்றாகத் தெரியும் அந்தச் சீட்டுக்குள் மூன்று கட்டணங்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டுகிறார்கள். வண்டி மாறியதற்காக அதில் எதுவும் குறைவதில்லை. சென்னைப் பெருநகரில் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

பயணக் கட்டணம் எங்குமே ஏறியவுடன் கூடுதலாகவும், தூரம் போகப் போகக் கிலோமீட்டருக்குக் குறைவாகவும் விழும்படிதான் வகுக்கப்படுகிறது. சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சம் 5 ரூபாய், புறநகர் ரயிலில் 5, மெட்ரோவில் 10. ஒரே வண்டியில் நெடுந்தூரம் போகிறவருக்கு அடுத்தடுத்த கிலோமீட்டர்கள் மலிவாகின்றன. மூன்று வண்டி ஏறுகிறவரோ மூன்று முறையும் முதல் படியிலிருந்தே தொடங்குகிறார். யாரும் ஆசைப்பட்டு வண்டி மாறுவதில்லை. நேராகப் போக வழி இல்லாததால் மாறுகிறார்கள். ஏற்பாட்டில் உள்ள குறைக்குப் பயணியிடம் அபராதம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த அபராதம் யார் தலையில் அதிகம் விழுகிறது என்று பார்க்கப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போக வேண்டும். கூவம், அடையாற்றுக் கரைகளில் குடியிருந்தவர்களை அரசே கொண்டுபோய் அங்கே குடியமர்த்தியது. வீடுதான் மாறியது, வேலை பலருக்கு இன்னும் நகருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டு வேலைக்கும் அலுவலகத் துப்புரவுக்கும் விடியற்காலையில் கிளம்பும் பெண்களுக்கு 2021-இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பெரிய ஆறுதல். அதே பெண், நேரம் மிச்சமாகும் என்று வேளச்சேரியில் இறங்கி, உயர்மட்டப் பாதையில் ஓடும் ‘பறக்கும் ரயிலை’ப் பிடித்தால் சீட்டு வாங்க வேண்டும். மெட்ரோவுக்குப் போனால் இன்னும் அதிகம். எனவே நேரம் போனாலும் போகட்டும் என்று அடுத்த இலவசப் பேருந்துக்காக நிறுத்தத்தில் காத்திருக்கிறார். காசு மிச்சமாகிறது, ஆனால் தினமும் தூக்கம் குறைகிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை ஒன்று பெரும்பாக்கம் வழியாகவே சோழிங்கநல்லூருக்குப் போகப்போகிறது. இன்றைய கட்டண முறையே நீடித்தால் அந்தப் பெண் மேலே ஓடும் ரயிலைப் பார்த்தபடி கீழே பேருந்துக்குத்தான் நிற்பார். 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட திட்டம் இந்த இரண்டாம் கட்டம்.

கட்டணம் மட்டுமல்ல, இடமும் நேரமும்கூட ஒத்துப்போவதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டன. செங்கல்பட்டு ரயில் பாதை ஜிஎஸ்டி சாலைக்கு எதிர்ப்புறத்திலேயே ஓடுகிறது. ஆனால் அன்று அங்கே ரயில் நிற்க நிலையம் கிடையாது, சாலையைக் கடக்க நடைமேம்பாலம் கிடையாது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவை நீட்டும் 15.5 கிலோமீட்டர் திட்டமோ தாளில் இருந்தது. பெட்டியும் பையும் கைக்குழந்தையுமாக விடியற்காலையில் வந்திறங்கியவர்களுக்கு, ஊரிலிருந்து வந்த செலவுக்கு ஈடாக வீடு போய்ச் சேரவும் செலவானது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் வேலையும் இதே கதைதான். 2008-இல் தொடங்கிய ஐந்து கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காகப் பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தது. புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் கூட வேண்டிய சந்திப்பு பரங்கிமலை. அந்த ஒரு இணைப்பு விட்டுப்போனதால் பறக்கும் ரயிலின் பிரம்மாண்ட நிலையங்கள் பாதி ஆளரவமின்றிக் கிடந்தன.

யாருக்கும் அக்கறை இல்லை என்பதல்ல இதன் காரணம். பேருந்தைப் போக்குவரத்துத் துறை பார்க்கிறது. ரயில்கள் தெற்கு ரயில்வேயின் பொறுப்பு. மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். பேருந்து முனையம் கட்டுவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ. ஒவ்வொருவருக்கும் தனி வரவு செலவு. பக்கத்து வண்டிக்குப் பயணியை அனுப்பிவைத்தால் தன் கணக்கில் வருமானம் குறையும். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காகவே ‘கும்டா’ எனப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள் வீணாகிவிட்டன. இதற்கிடையே பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்து அரக்கோணம், காஞ்சிபுரம் வரை போய்விட்டது. அங்கெல்லாம் ஓடுவது விழுப்புரம் கோட்டத்துப் பேருந்துகள். மேசையில் இன்னொரு நாற்காலி போட வேண்டும்.

செலவு மிச்சமாவதும் இந்த ஒருங்கிணைப்பில்தான். மெட்ரோ அடியில் ஓடும் அண்ணா சாலையிலும், புறநகர் ரயில் பக்கத்திலேயே ஓடும் ஜிஎஸ்டி சாலையிலும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நெரிசலில் டீசலை எரிக்கின்றன. நிலையத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் குடியிருப்புகளிலோ ஷேர் ஆட்டோவே கதி. பிரதான சாலையிலிருந்து சில பேருந்துகளை எடுத்து நிலையங்களுக்கும் உட்புறத் தெருக்களுக்கும் இடையே விட்டால், அதே வண்டி, அதே ஓட்டுநரைக் கொண்டு இன்னும் பல பேருக்குச் சேவை கிடைக்கும். ஆனால் வண்டி மாறினால் கூடுதல் காசு என்ற நிலை இருக்கும்வரை இந்த மாற்றத்தைச் செய்வது அநியாயம். நேர்ப் பேருந்தைப் பறித்துவிட்டு இரண்டு சீட்டு வாங்கு என்று ஏழையிடம் சொல்ல முடியாது. அதனால்தான் கட்டணத்தை முதலில் ஒன்றாக்கச் சொல்கிறோம்.

இது நடக்காத காரியமா? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1965-இலேயே போக்குவரத்து நிறுவனங்களைக் கூட்டமைப்பாக்கி, பின்னர் பொதுக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அந்நாட்டின் மத்திய ரயில்வேயும் அதில் சேர்ந்தது. இன்று துறைமுகப் படகுக்கும் அதே சீட்டு. சிங்கப்பூர் 2010 ஜூலையில் தொடக்கம் முதல் முடிவு வரையிலான தூரத்துக்கே கட்டணம் என்று மாற்றியது. இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறைவரை வண்டி மாறினாலும் அங்கே அது ஒரே பயணம்தான்.

வருமானத்தை யார் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுதான் இங்கே எழும் முதல் கேள்வி. ஒரே அட்டையும் ஒரே செயலியும் வந்த பிறகு அதற்கு விடை எளிது. யார் எங்கே ஏறி எங்கே மாறினார் என்ற பதிவு இருக்கிறது. அவரவர் சுமந்த தூரத்துக்கு ஏற்பப் பிரிக்கலாம். தொடக்கத்தில் பற்றாக்குறை வரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக் கடனைத் திருப்ப வேண்டிய மெட்ரோ அதைத் தனியே தாங்க முடியாது. பெண்களின் இலவசப் பயணத்துக்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு தருவதுபோல, மாநில அரசு இதற்கும் பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு செய்ய வேண்டும். கட்டணத்தையும் தடங்களையும் கால அட்டவணையையும் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கும்டாவுக்குக் கொடுக்க வேண்டும். ஆலோசனை சொல்லும் சபையாக அதை வைத்திருந்தால் இன்னொரு பன்னிரண்டு ஆண்டுகள் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் மாறும் எல்லாப் பயணங்களையும் ஒன்றாகக் கணக்கிடும் விதியும், பேருந்தில் இலவசமாக வந்த பெண்ணுக்கு அடுத்து ஏறும் ரயிலில் சலுகையும் இரண்டாம் கட்ட மெட்ரோ பெரும்பாக்கத்துக்கு வருவதற்கு முன்பே நடைமுறைக்கு வர வேண்டும். ரயில்வே அமைச்சகத்தோடு இதற்கான ஒப்பந்தப் பேச்சை மாநில அரசு இந்த ஆண்டே தொடங்கட்டும்.