பாறையைப் பார்த்துச் சொன்ன பையன்

"பொறந்ததிலேர்ந்து போனோட வளருதுங்க. இதுங்களுக்குப் போய் எது பொய், எது நிஜம்னு வகுப்பு எடுக்கணுமா?" செஞ்சி பேருந்து நிலையம் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார். அவரும் கல்லூரி ஆசிரியர்தான். இந்தப் பேச்சைப் பல ஊர்களில், பல ஆசிரியர் அறைகளில் கேட்டாயிற்று. அன்றைக்கு டீ ஆறிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது பதில்.

போனோடு வளர்ந்தவர்களுக்குப் போனில் வருவதை எடைபோடத் தெரியும் என்பது முதல் வாதம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் தொடர்புள்ள 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. அதிலிருந்து செஞ்சி பற்றி வராத பார்வேர்டு இல்லை. செஞ்சிக் கோட்டை மலையான 'ராஜகிரி' என்று வந்த ஒரு படத்தை மாணவர்களிடம் காட்டினேன். செஞ்சிப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்த உடனே, "சார், இது நம்ம மலையே இல்ல. நம்ம மலையில பாறை உருண்டை உருண்டையா அடுக்கி வெச்ச மாதிரி கெடக்கும்" என்றான். சரிதான், அது வேறெங்கோ உள்ள கோட்டை. அடுத்து 'சிவாஜி கட்டிய செஞ்சிக் கோட்டை' என்று ஆரம்பிக்கும் செய்தி. அதே பையன், "சூப்பர் சார், எனக்கு அனுப்புங்க" என்றான். முதல் படத்தில் அவனைக் காப்பாற்றியது போன் அல்ல, சின்ன வயதிலிருந்து அந்த மலையேறிய கால்.

கோட்டை சிவாஜிக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆனந்தக் கோன் தொடங்கினார் என்பது மரபு. சிவாஜி 1677-இல் பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து அதைக் கைப்பற்றினார். அதற்காக, 'மராத்தியருக்கும் செஞ்சிக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை' என்று எதிர்த்தரப்பு அனுப்பும் செய்தியும் சரியல்ல. சிவாஜி மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தே அரசு நடத்தினார். மொகலாயர் 1698 வரை முட்டி மோதித்தான் கோட்டையைப் பிடித்தார்கள். முழுப் பொய்யைப் பிடிப்பது சுலபம். இந்தப் பாதி உண்மைகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

'படித்தவன் ஏமாறமாட்டான்' என்பார் நண்பர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று பழைய பெரிய சங்கம். இன்னொன்று அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தைத்தான் நம்பினார்கள். அறிஞர்களே தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் தவறவில்லை. காரணம் மேதைமை இல்லை. பக்கத்தை ஊன்றிப் படிக்காமல் சட்டென்று அதை விட்டு வெளியேறி, 'இவர்கள் யார்?' என்று வேறு இடங்களில் விசாரித்தார்கள். பெண் பார்க்கப் போகுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் அதே வேலை. இதைச் சொல்லித்தர முடியும்.

'ஒரு பார்வேர்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' இதற்கு அதிகம் பேசத் தேவையில்லை. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை தாண்டினால் போளூர், பக்கத்தில் அத்திமூர். 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்கு வந்த குடும்பம் அங்கே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய கடத்தல் வீடியோ ஒன்று கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி இறக்கிவிடும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழர் அடிப்பதாக வந்த வீடியோக்களில் ஒன்று பீகார்க்காரர்களுக்குள்ளேயே நடந்த சண்டை என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்க வேண்டியிருந்தது.

'வகுப்பு எடுத்தால் மட்டும் மாறிவிடுவார்களா?' இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் பாதி சரி. பீகாரில் 1,224 பேரிடம் ஒரு மணி நேரப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு பலன் ஏதும் காணவில்லை. நம் கல்லூரிகளில் நடப்பதும் அதுதானே: பேனர், பொன்னாடை, ஒரு மணி நேரப் பேச்சு, குரூப் போட்டோ, சமோசா. ஆனால் அதே பீகாரில் பின்னர் 583 கிராமங்களில் 13,500-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்குச் சில மாதங்களாகப் பல அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். பலன் இருந்தது, நான்கு மாதம் கழித்தும் நின்றது. பிள்ளைகளின் பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது. மருந்து கேட்கவில்லை என்று சொல்லுமுன் எத்தனை வேளை கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும்.

'அதற்குத்தான் தமிழ்நாடு அரசே சரிபார்ப்பகம் வைத்திருக்கிறதே?' வைத்திருக்கிறது, 2023 முதல். அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்த்தால் அதை யார் சரிபார்ப்பது? ஒன்றிய அரசின் இப்படியொரு ஏற்பாட்டை 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

கடைசியாக, 'சிலபஸில் இடமில்லை'. செஞ்சியில் இதைச் சொல்பவர் கோட்டைக்குள் போனதில்லை என்றுதான் நினைப்பேன். 1714-இல் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கைத் தோற்கடித்த ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பெயரில் அங்கே ஒரு பள்ளிவாசல் நிற்கிறது. அது ஜெயித்தவர் எழுப்பியது. ஜெயித்தவர் என்ன சொல்ல விரும்புவார், எதை விட்டுவிடுவார் என்று மாணவர்களை அதன் முன்னால் நிற்கவைத்துக் கேட்டேன். தனிப் பேப்பர் வேண்டியதில்லை; வரலாற்று வகுப்பே போதும்.

பாறையைப் பார்த்துச் சொன்ன பையன்தான் கேட்டான். "அப்ப தோத்தவரு பக்கத்து ஆளுங்க எதுல எழுதி வெச்சாங்க சார்?"

"எழுதலடா, பாடிட்டாங்க" என்றேன். "தேசிங்குராஜன் கதைன்னு உங்க தாத்தா கேட்டிருப்பாரே."

"அதை நம்பலாமா சார்?"