அனுப்புநர் முதலில், பெறுநர் பிறகு

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி வந்திருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. என் மேஜையில் கருப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, இந்த வயசுல எதுக்குங்க இந்தச் செரமம்? மவுஸ்ல இழுத்துப் போட்டாப் போயிருமுங்களே" என்றார். அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் எழுதுவதையெல்லாம் வீட்டுக் கணினியில் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை வாடகைக்கு எடுத்த சர்வருக்கு அனுப்புகிறேன். அது எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அனுப்புவதற்கு எஸ்.சி.பி. என்று ஒரு கட்டளை. அதைத் தட்டி, எங்கிருந்து என்பதை முதலிலும் எங்கே என்பதை அடுத்தும் எழுத வேண்டும். 34 வருடம் அனுப்புநர், பெறுநர் என்று எழுதியே கை தேய்ந்தவனுக்கு இதில் என்ன சிரமம்? சர்வரிலிருந்து எடுக்க வேண்டுமானால் இரண்டையும் இடம் மாற்றினால் போதும். போய்ச் சேர்ந்ததும் பெயர், அளவு, நேரம் எல்லாம் திரையில் வரும். அனுப்புகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய மாதிரி. இழுத்துப் போட்டால் ஒரு பச்சைக் கோடு ஓடி மறையும். எது போனது, எது நின்றது என்று பிறகு கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கோப்பு அனுப்பும் வித்தைக்கு முதலில் ஒழுங்கான விதி எழுதியவர் நம் நாட்டுக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்ற குறிப்பை எழுதினார். எஃப்.டி.பி. பிறந்தது அதில்தான். எடுக்க 'கெட்', வைக்க 'புட்' என்று பிறகு உலகமே தட்டிய கட்டளைகளுக்கு அடிப்படை அது. ஒரே ஒரு குறை, கடவுச்சொல்லைத் தபால் அட்டையில் எழுதி அனுப்புவது போல அது வெளிப்படையாகப் போகும். வழியில் யாரும் படிக்கலாம். அன்று அந்த வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. 1995-இல் பின்லாந்தில் தாத்து இலோனன் என்பவர், கடவுச்சொல் திருட்டு நடந்த பிறகு, எஸ்.எஸ்.எச். என்று ஒட்டிய உறை ஒன்றைச் செய்தார். இன்றைய எஸ்.சி.பி., எஸ்.எஃப்.டி.பி. எல்லாம் அந்த உறைக்குள்தான் போகின்றன. முதல் தடவை இணைக்கும்போது எதிர்க் கணினியின் கைரேகையைக் காட்டி, "நம்பலாமா?" என்று கேட்கும். எல்லோரும் பார்க்காமலே 'யெஸ்' அடிக்கிறோம். நானும்தான்.

பள்ளியில் எனக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில். அந்த மொழியில் கோப்பை இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் 'தெலேஷார்ழே' என்ற ஒரே சொல்லைப் புழங்குகிறார்கள். கியூபெக்காரர்கள் இது சரிப்படாது என்று ஏற்றுவதற்கு மட்டும் 'தெலேவெர்சே' என்று தனிச் சொல் வைத்துக்கொண்டார்கள். தமிழில் பதிவிறக்கம், பதிவேற்றம் என்று இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் என் பள்ளிக்கூட மொழியைவிட வீட்டு மொழி கெட்டி.

அப்படியிருந்தும் திசையைக் குழப்பிக்கொண்டேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

ஆர்சிங்க் என்று இன்னொரு கருவி. 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் செய்தது. இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். ஒரு வரி திருத்தினால் கட்டையே திரும்ப அனுப்ப வேண்டாம். அதில் 'டெலீட்' என்று ஒரு விருப்பம் உண்டு. அனுப்பும் பக்கம் இல்லாத கோப்பைப் பெறும் பக்கத்திலிருந்து அழித்துவிடும். ஒரு ராத்திரி, பகலில் மின்வெட்டால் தள்ளிப்போன வேலையை அவசரமாக முடிக்க உட்கார்ந்தேன். பெறுநர் இடத்தில் என் வீட்டுக் கணினியை எழுதி என்டரைத் தட்டிவிட்டேன். அந்த வாரம் எழுதி இன்னும் சர்வருக்கு அனுப்பாத மூன்று கட்டுரைகள் போயின. ஒன்று என் அம்மாவைப் பற்றியது. கணினி மேல் குற்றமில்லை. கீழே கையெழுத்து என்னுடையது.

அவிநாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலை விழுங்கிய பிள்ளையை, போன வருடங்களின் வளர்ச்சியோடு, சுந்தரர் பாடி மீட்டுக் கொடுத்த தலம் இது. எனக்கு அந்தப் பாட்டுப் பலிக்காது. அதனால் இப்போது மூன்று பிரதி: வீட்டில் ஒன்று, சர்வரில் ஒன்று, மகள் வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க்.

இதைச் சொன்னால், "பார்த்தீங்களா, மவுஸே மேலுங்க" என்பார் தம்பி. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மவுஸிலும் தவறு நடக்கும், ஆனால் என்ன தவறு செய்தோம் என்று எழுத்தில் நிற்காது. அன்று நான் அடித்த வரி திரையில் அப்படியே இருந்தது. எந்த இடத்தில் பிசகினேன் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அந்த ஆர்சிங்கிலேயே 'ட்ரை ரன்' என்று ஒன்று இருப்பதை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன். எதையும் தொடாமல், எது போகும் எது அழியும் என்று பட்டியல் மட்டும் கொடுக்கும். ஆபீசில் வரைவு வைத்து ஒப்புதல் வாங்காமல் ஒரு கடிதமாவது அனுப்பியிருக்கிறேனா? வீட்டில் மட்டும் ஏன் அந்தத் துணிச்சல் வந்ததோ!

என் வயது நண்பர்கள் குடும்பப் படங்களையும் பென்ஷன் காகிதங்களையும் எங்கோ இலவச இடத்தில் போட்டுவிட்டு, அங்கே பத்திரமாக இருக்கும் என்கிறார்கள். அங்கே வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்ப எடுக்கும் வழியை ஒரு தடவையாவது செய்து பார்த்திருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன். அதற்கு நாலைந்து கட்டளை போதும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். நான் ஒட்டியிருக்கிறேன், அனுப்புநர், பெறுநர் என்று சிவப்பு மையில்.

போன மூன்றில் இரண்டை மறுபடி எழுதிவிட்டேன். அம்மாவைப் பற்றியதில் இரண்டாவது பத்தி மட்டும் முதலில் எழுதிய மாதிரி இன்னும் வரவில்லை.