கபடிக் களமும் தகப்பன்களின் கணக்கும்

2025 தீபாவளிக்கு ‘பைசன் காளமாடன்’ வந்த பிறகு ஏரல், குரும்பூர், ஆழ்வார்திருநகரி பக்கத்துக் கபடிக் குழுக்களுக்குப் புதுத் தெம்பு வந்திருக்கிறது. மணத்தி நமக்குப் பக்கத்து ஊர். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995இல் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய படம். அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் படத்தில் பசுபதி நடித்த அந்தத் தகப்பனை நம்மூர்த் தகப்பன்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதில்தான் நமக்குப் பேச்சு இருக்கிறது.

அந்தத் தகப்பன் மகனைக் களத்தில் இறங்கவிடாமல் தடுக்கிறான். காரணம் பயம். உள்ளே ஜெயித்தால் வெளியே வெட்டு விழும் என்ற பயம். அது கதைக்காகக் கட்டியது அல்ல. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போன பட்டியல் சாதி மாணவன் ஒருவனை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளை. கபடியில் அவன் நன்றாக ஆடி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். எனவே தடுக்கிற தகப்பனை நமக்குப் புரியும். ஒரு தலைமுறை முழுக்க நம் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துப் பூட்டியது அந்தப் பயம்தான்.

இப்போது நாங்கள் பார்ப்பது இன்னொரு தகப்பனை. இவர் தடுப்பதில்லை, தள்ளுகிறார்.

தள்ளுவதற்கும் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்குத் தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவு மிச்சம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீடும் ஆடும் போய், அதற்குப் பிறகு குழுக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய குடும்பத்துக்கு இந்தச் செய்திகள் எப்படிக் கேட்கும்? ஒரு தகப்பன் எங்களிடம் நேராகவே சொன்னார்: “வெள்ளத்துல போனத இவன்தான் மீட்டுத் தரணும்.” அவர் காட்டிய பையனுக்குப் பதினான்கு வயது.

அந்தப் பையன் எடைப் பிரிவுப் போட்டிக்கு முந்தின நாள் முழுக்கச் சோறு தின்பதில்லை. தண்ணீரையும் நிறுத்திவிடுகிறான். மறுநாள் எடை காட்டிவிட்டு வெறும் வயிற்றில் பாடிப் போகிறான். கோட்டுக்கு வெளியே தகப்பன் நிற்கிறார். பயிற்சியாளர் ஒன்று சொல்ல, இவர் வேறொன்று கத்துகிறார். “முட்டு வலிக்குப்பா” என்றால் “ராத்திரி ஊசி போட்டுக்கிடலாம்ல, இப்ப எறங்கு” என்கிறார். தோற்று வந்தால் வீட்டில் இரண்டு நாள் பேச்சு கிடையாது. அடியும் உண்டு. இது ஒரு வீட்டுக் கதை என்றால் எழுதியிருக்க மாட்டோம். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் வெவ்வேறு வார்த்தைகளில் இதையே சொல்கிறார்கள்.

‘பிள்ளைகள் சந்தோஷத்துக்காக விளையாடட்டும்’ என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். பத்து ஏக்கர் வாழை வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்லலாம், நம் தெருவில் போய் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. லோயிக் வக்கான் என்ற சமூகவியலாளர் சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் குத்துச்சண்டைக் கூடத்தில் தானும் சேர்ந்து பயிற்சி எடுத்து ஆராய்ந்தார். நிலமும் பணமும் இல்லாதவனுக்கு உடம்புதான் மூலதனம் என்று எழுதினார். அந்த மூலதனத்தை இங்கே முதலீடு செய்பவர் தகப்பன், தேய்வது பிள்ளை.

யெலெனா டோக்கிச் நினைவுக்கு வருகிறார். யூகோஸ்லாவியப் போரில் ஊரைவிட்டு ஓடி, 1994இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த குடும்பம். மகளின் டென்னிஸ் மட்டைதான் வீட்டுக்குச் சோறு. தகப்பன் பெல்ட்டால் அடித்தே வளர்த்தார். 2000இல் பதினேழு வயதில் விம்பிள்டன் அரையிறுதிவரை போய்த் தோற்ற அன்று, அறைக்கு வராதே என்று தகப்பன் சொல்லிவிட, மைதானத்து ஓய்வறையிலேயே ஒடுங்கிக் கிடந்ததாகப் பிற்பாடு எழுதினார். உலகத்தில் நான்கு பேரில் ஒருத்தியாக வந்ததும் அந்த வீட்டுக்குப் போதவில்லை. ஊரைப் பறிகொடுத்த குடும்பத்தின் வலி உண்மையானது. அதற்காக அடித்த கையை நியாயப்படுத்த முடியுமா?

நம் தகப்பன்களிடம் நாங்கள் பேச விரும்புவது அவர்கள் போடும் கணக்கைப் பற்றித்தான். ஒரு அணிக்குக் களத்தில் ஏழு பேர். ஊருக்கு ஒரு அணி, சில ஊரில் இரண்டு. மாவட்ட அணிக்குப் போகிறவர்கள் சிலர், மாநில அணிக்கு அதிலும் சிலர், வேலை கிடைப்பது எங்கோ ஒருவருக்கு. மற்றவர்கள் பத்தொன்பது வயதில் வீடு திரும்புகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அரியர், கிழிந்த தசைநார். பிறகு இருப்பது வாழைத்தார் சுமக்கிற வேலை, உப்பள வேலை. இரண்டுக்கும் அந்த முட்டுதான் வேண்டும். ஊசி போட்டு ஆடவைத்த முட்டு கபடியோடு நிற்காது, கூலிவேலையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. பத்தாம் வகுப்புவரை ஓடு, ஓடு என்பார்கள், அதன்பின் ஒரே நாளில் ஸ்பைக்ஸை எடுத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். அதைத் தனியே எழுத வேண்டும்.

அரசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெயித்து வந்த பிறகு 25 லட்சம் கொடுப்பது நல்லது. ஜெயிப்பதற்கு முந்தைய பத்து ஆண்டும் அந்தச் செலவை யார் தாங்கினார்கள்? உடற்கல்வி ஆசிரியர் உள்ள பள்ளியில் பிள்ளைக்கு வலி என்றால் நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அவர் இல்லாத பள்ளியில் தகப்பனே பயிற்சியாளர், தகப்பனே வைத்தியர். வெளியேற ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்தால் எல்லாரும் தங்கள் பிள்ளையை அதற்குள் நெருக்கித்தான் தள்ளுவார்கள்.

பொங்கல் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்கும் குழுக்களிடம் நாங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம். பதினாறு வயதுக்குக் கீழே எடைப் பிரிவு வேண்டாம், வயதுப் பிரிவு போதும். களத்தில் ஒரு செவிலியராவது இருக்க வேண்டும். பெற்றோரைக் கோட்டிலிருந்து இருபதடி தள்ளி நிறுத்த வேண்டும். மூன்றாவதுக்குச் சிரித்தார்கள், முதலாவதை யோசிக்கிறோம் என்றார்கள். இரண்டாவதுக்கு “யாரு துட்டு குடுப்பா?” என்று கேட்டார்கள். முதல் பரிசுக் கோப்பையின் உயரத்தில் ஓரடி குறைத்தால் அந்தத் துட்டு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.