பயத்தின் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாமா?



ஆண்டு மலர் என்றால் கவிதை எழுதுவார்கள், காதல் எழுதுவார்கள், நாட்டைத் திருத்த எழுதுவார்கள். நான் எழுத வந்தது நம்மில் பலர் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பயத்தைப் பற்றி. விமானப் பயம்!

"பஸ் பாஸுக்கே வழியில்லை, இவன் பிளேனைப் பத்திப் பேசுறான்" என்று சிரிக்காதீர்கள். டிப்ளமோ முடித்தவனுக்கு இன்றைக்கு வேலை பக்கத்து ஊரிலா கிடைக்கிறது? துபாய், தோஹா, சிங்கப்பூர் என்றுதானே போகிறார்கள்! எனக்குத் தெரிந்த சீனியர் ஒருவருக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியாகி, டிக்கெட்டும் வந்துவிட்டது. அண்ணன் போகவில்லை. வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். பிறகு ஒருநாள் டீக்கடையில் என்னிடம், "எனக்கு பிளேன்ல ஏற பயம்டா தம்பி. சொன்னா சிரிப்பானுங்க" என்றார். பெயர் போடாமல் எழுதிக்கொள்ள அவரே சம்மதம் தந்தார். அவருடைய இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார். வீட்டுக் கடன் அப்படியே இருக்கிறது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. நெதர்லாந்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்காம்ப் விமானத்தில் ஏற மறுத்தவர். விமானத்தில் போக வேண்டிய எத்தனையோ வெளிநாட்டு ஆட்டங்களை அதனால் இழந்தார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கே இந்தக் கதி!

இப்படிப் பயப்படுகிறவனுக்கு நாம் என்ன சொல்கிறோம்? ஒன்று, "நீயெல்லாம் ஆம்பளையா?" என்கிறோம். அல்லது, "விதி இருந்தா வீட்டுல இருந்தாலும் சாவு வரும்" என்கிறோம். இரண்டாலும் பயம் போகாது. தொழில்நுட்பம் படிக்கிறவன் இந்தப் பயத்தை வீரத்தால் அல்ல, விவரத்தால் வெல்ல வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பயம் பொய்யல்ல. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் கிளம்பிய சில விநாடிகளில் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். அது விழுந்த இடமோ மருத்துவ மாணவர்களின் விடுதி. நம்மைப் போல மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிள்ளைகள்! அதைப் பார்த்த பிறகும் "ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்வது ஆறுதல் அல்ல, ஏமாற்று.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல்! ஏறக்குறைய அந்த மாதிரி இரண்டு விமானம் நிறைய, தினந்தோறும்! நாமோ ஃபுட்போர்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பாட்டுப் பாடிப் போகிறோம். ஏன் பயமில்லை? பழகிவிட்டது. சத்தம் தெரியும், மேடு பள்ளம் தெரியும். விமானத்தில் எதுவும் புரிவதில்லை. புரியாத ஒவ்வொரு சத்தமும் சாவுமணி போலக் கேட்கிறது.

அப்படியானால் புரிந்துகொள்வோமே! நமக்கென்ன, பாடமே அதுதானே!

"இறக்கை ஆடுதே, முறிஞ்சிடுமோ?" என்பது முதல் பயம். எஸ்.ஓ.எம். லேபில் கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்கிறோம் இல்லையா? இறக்கையையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். சேவையில் எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை அது தாங்கியாக வேண்டும் என்பது விதி. 1995-இல் போயிங் 777-இன் இறக்கையை வேண்டுமென்றே வளைத்தார்கள். 154 சதவீதத்தில்தான் முறிந்தது. ஆடும்படி செய்ததால்தான் அது முறியாமல் இருக்கிறது.

காற்றுக் கொந்தளிப்பில் விமானம் குலுங்குவதால் அது உடைந்துவிடாது. ஆபத்து பெல்ட் போடாதவனுக்குத்தான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் கடுமையாகக் குலுங்கியதில் பலர் காயமடைந்தார்கள், ஒருவர் இறந்தார். விமானம் பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. ஆகவே விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

"இன்ஜின் நின்னா கல்லு மாதிரி விழுமே?" விழாது நண்பா, சறுக்கிக்கொண்டு வரும். 35,000 அடியில் எல்லா இன்ஜினும் நின்றாலும் சுமார் 150 கிலோமீட்டர் மிதந்து வரலாம். சென்னைக்கு மேலே நின்றால் பாண்டிச்சேரி வரை! 1983-இல் கனடாவில் இது நிஜமாகவே நடந்தது. கிலோகிராமுக்கும் பவுண்டுக்கும் குழம்பி எரிபொருளைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது இன்ஜின்கள் நின்றன. விமானி கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறக்கினார். ஒருவர்கூடச் சாகவில்லை. யூனிட் எழுதாவிட்டால் மார்க் போட மாட்டேன் என்று நம் சார் சொல்வது சும்மா இல்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. விமானத்தையே தண்ணீர்த் தொட்டியில் வைத்து மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து, உலோகம் சோர்ந்து, விரிசல் விட்டது தெரிந்தது. இன்று ஜன்னல்களின் மூலை வளைவாக இருப்பதன் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது. 1996-இல் அரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மோதல் எச்சரிக்கைக் கருவி இந்தியாவில் கட்டாயமானது. பயப்பட்டவர்கள் "விதி" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, விதிமுறை எழுதினார்கள். பயத்தை மதித்ததால்தான் விமானம் இவ்வளவு பத்திரமாக இருக்கிறது.

எனக்கும் பயம் இருந்தது. புராஜெக்ட் போட்டிக்காகச் சென்னையிலிருந்து டெல்லி போக நேர்ந்தபோது இரண்டு ராத்திரி தூக்கமில்லை. என்னென்ன சத்தம் வரும் என்று முன்னாலேயே படித்து ஒரு தாளில் எழிதிக்கொண்டேன். கிளம்பியதும் அடியில் தடால் என்றது. சக்கரம் உள்ளே மடங்குகிறது, டிக். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் குறைந்து, வயிற்றில் ஏதோ இறங்கியது போல இருந்தது. கிளம்பும் வேகத்திலிருந்து ஏறும் வேகத்துக்குக் குறைக்கிறார்கள், டிக். காது அடைத்தது. உள்ளே காற்றழுத்தம் மாறுகிறது, டிக். மேலே போனாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகம் போனால் 8,000 அடிக்குச் சமம். ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது போலத்தான்! உள்ளங்கை வேர்த்தது உண்மை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டேன். இறக்கைப் பக்கத்து இருக்கையில் குலுக்கல் குறைவு என்பதால் அதையே கேட்டு வாங்கியிருந்தேன். பணிப்பெண்ணிடம், "அக்கா, எனக்கு முதல் தடவை" என்று சொல்லியும் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனார். பயம் முழுசாகப் போய்விட்டதா? இல்லை. ஆனால் என்னை ஓட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

விவரம் மட்டும் எல்லாருக்கும் போதாது. நினைத்தாலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறவர்கள் மனநல மருத்துவரைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதுவும். படிப்படியாகப் பழக்குவதுதான் அதற்கு வழி. இன்று விமானநிலையம் வரை, நாளை ஒரு மணி நேரப் பயணம், பிறகு சிங்கப்பூர்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை. நேர்முகத் தேர்வுக்கு டை கட்டச் சொல்லித் தருகிறோம், ஆங்கிலம் பேசச் சொல்லித் தருகிறோம். வெளியூர் வேலை கிடைத்தவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, விமானம் எப்படிப் பறக்கிறது, எந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று நம் ஆசிரியர்களையும் போய்வந்த சீனியர்களையும் பேச வைத்தால் என்ன? செலவு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். மிஞ்சுவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு!

நண்பர்களே, "எனக்கு பயமா இருக்கு" என்று ஒருவன் சொன்னால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். பயப்படுவது தப்பே இல்லை. பயத்தின் கையில் நம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவதுதான் தப்பு!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்