விருந்தின் முதல் தட்டு

வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திறங்கும் காலங்களில் எங்கள் வன்னி வீடுகளின் அடுக்களைகளிற் புதுப்புதுப் பண்டங்களும் வந்து நுழைந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, பன்றியிறைச்சி நாடாவைக் காய்கறியின்மேற் சுற்றி வாட்டியெடுக்கும் சிற்றுண்டி. பெருவிருந்துக்கு முன்னர்ப் பசியைத் தூண்டுவதற்காக மேல்நாட்டார் இதனைப் பரிமாறுவர். இறைச்சி உண்ணும் குடும்பங்களுக்கு இதன் செய்முறையையும், எல்லாக் குடும்பங்களுக்கும் இதனால் நான் கற்ற ஒரு பாடத்தையும் இவ்வாரம் கூறுகிறேன்.

பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப்புறத்துக் கொழுப்போடு கூடிய இறைச்சியை உப்பிட்டு, பெரும்பாலும் புகையூட்டி, மெல்லிய நாடாக்களாகச் சீவியதாகும். உப்பு இறைச்சியிலுள்ள நீரை வெளியேற்றும். புகை மணமூட்டிக் கெடாமற் காக்கும். இந்த உபாயம் வன்னிக்குப் புதியதன்று. எங்கள் பாட்டன்மார் வேட்டையிறைச்சியை உப்பிட்டு வெயிலிற் காயவைத்தும், அடுப்புக்கு மேலே புகையிற் கட்டித் தொங்கவிட்டும் வற்றலாக்கினர். தேனில் இட்டுப் பேணியதும் உண்டு. ஆனால் அந்த வற்றல் இப்பண்டத்துக்கு உதவாது. காட்டுப்பன்றியின் இறைச்சியிற் கொழுப்புக் குறைவு. காய்ந்தபின் வளையவும் மாட்டாது. இங்கே சுவையைத் தருவது உருகும் கொழுப்பே. அது உள்ளிருக்கும் காயை நனைத்துக்கொண்டே வேகவைக்கிறது.

மேல்நாட்டார் உள்ளே வைக்கும் காய்களை நாம் தேடி அலைய வேண்டியதில்லை. கிளிநொச்சித் தோட்டங்களில் விளையும் பயற்றங்காயே போதும். முற்றாத, விதை தடிக்காத 10 பயற்றங்காய்களை எடுத்து, ஒவ்வொன்றையும் 3 அங்குல நீளமுள்ள 5 துண்டுகளாக நறுக்குங்கள். கொதிநீரில் 2 நிமிடம் இட்டு, உடனே குளிர்நீருக்கு மாற்றி, துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். நீருக்கு உப்புச் சேர்க்க வேண்டாம். இறைச்சியில் உள்ள உப்பே மிகுதி. ஈரம் இருந்தால் கொழுப்புத் தெறித்துக் கையைச் சுடும்.

6 பேக்கன் நாடாக்களைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 12 துண்டுகள் கிடைக்கும். நான்கு பயற்றந் துண்டுகளைச் சேர்த்து, மிளகுதூள் சிறிது தூவி, ஒரு நாடாவால் இறுகச் சுற்றுங்கள். அரைமணி நேரம் நீரில் ஊறிய தென்னை ஈர்க்குத் துண்டாற் குத்தி நிறுத்துங்கள். தாச்சியில் எண்ணெய் விடாமல், நாடாவின் நுனி கீழே இருக்கும்படி அடுக்கி, மெல்லிய தீயிற் புரட்டிப் புரட்டி வாட்டுங்கள். தீ மிகுந்தால் வெளிப்புறம் கருகும். கொழுப்போ உருகாது நிற்கும். பன்னிரண்டு நிமிடமளவில் ஓரங்கள் பொன்னிறமாகி மொறுமொறுக்கும். மின் போறணை உள்ளவர்கள் 200 பாகை செல்சியசில் 20 முதல் 25 நிமிடம் வைக்கலாம். இறக்குமுன் சிறிது வன்னித் தேன் தடவினால் உப்பும் இனிப்பும் இசைந்து நிற்கும். தேன் விரைவிற் கருகுமாதலால் அதனைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன் தடவலாகாது. கொழுப்பை வடித்து, தேசிக்காய்ப் புளி சில துளி பிழிந்து, சூட்டோடு பரிமாறுங்கள். ஈர்க்கை உருவிவிட்டு உண்ணும்படி குழந்தைகளுக்குச் சொல்ல மறவாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கடையில் வாங்கும் பேக்கன் புகையூட்டப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் சமைக்கப்படாததே. பன்றியிறைச்சியை அரைவேக்காட்டில் உண்டால் நாடாப்புழு முதலியன உடலிற் புகக்கூடும். ஆகவே நன்றாக வேகவேண்டும். அடுத்தது, இது அன்றாட உணவன்று. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடற் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்கிறதென்பது அதன் கணிப்பு. ஆண்டிற் சில நாள், ஆளுக்கு இரண்டு என்பதே அளவு.

இனி அந்தப் பாடத்துக்கு வருவோம்.

கனடாவிலிருந்து வந்த என் பெறாமகள் ஒரு மாலையில் இப்பண்டத்தைச் செய்து, தட்டில் அழகாக அடுக்கி எல்லோருக்கும் நீட்டினாள். பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்திருந்தார். வாழ்நாள் முழுதும் மரக்கறி உணவே கொண்டவர். பச்சைக் காயின் நுனி தெரிந்ததால் மரக்கறிப் பண்டம் என எண்ணி ஒன்றை எடுத்து வாயிலிட்டார். மென்றதும் முகம் மாறிற்று.

"பிள்ளை, இது என்ன மோனை?"

பெறாமகள் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டாள். ஆச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து கிணற்றடிக்குப் போனார். நான் பின்னாலே ஓடி, "ஆச்சி, மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன். "உன்னிலை பிழையில்லை மோனை. நான்தான் கேட்டுப்போட்டுத் தின்றிருக்க வேணும்" என்றார். அந்தச் சொல் என்னை இன்னும் சுடுகிறது. கேட்க வேண்டியவர் விருந்தாளியல்லர். சொல்ல வேண்டியவள் வீட்டுக்காரியல்லவா? அதன்பின் ஆச்சி முற்றம்வரை வருவார், நலம் விசாரிப்பார். என் வீட்டில் ஒரு மிடறு தேநீர் அருந்துவதற்கு மாதங்கள் பல சென்றன.

எங்கள் ஊர்களிற் சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிற் பல, 2009இற் போர் முடிந்தபின் முல்லைத்தீவுக்கும் மீண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் நம்பிப் பெற்றுக்கொள்ளும் ஒரு வாய்ச் சோறு சிறிய காரியமன்று. அந்த நம்பிக்கை ஒருமுறை முறிந்தால் எவ்வளவு சுவையான பண்டமும் அதை ஒட்டவைக்க மாட்டாது.

ஆகையால் இப்போது நான் இரண்டு தட்டு வைக்கிறேன். மரக்கறித் தட்டுக்கு, நீண்ட கத்தரிக்காயை நீளவாக்கில் மெல்லியதாய்ச் சீவி, உப்புத் தடவிக் கால்மணி நேரம் வைத்தால் அது துவண்டு வளையும். நீரை ஒற்றியெடுத்து, அதே பயற்றங்காய்க் கட்டின்மேற் சுற்றி, நல்லெண்ணெயில் வாட்டவேண்டும். இதற்குத் தாச்சி, கத்தி, பலகை, அகப்பை யாவும் வேறு. பன்றியிறைச்சி ஒருபோதும் படாதவை. இதனையே முதலிற் சமைத்து மூடிவைத்து, பின்னரே மற்றதைத் தொடுகிறேன். தட்டுகளை வெவ்வேறு மேசைகளில் வைத்து, எது என்னவென்று வாயாற் சொல்லியே நீட்டுகிறேன்.

சென்ற பொங்கலன்று ஆச்சி வந்தார். கத்தரிச் சுருளைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்த்தார். "மரக்கறிதான் ஆச்சி. வேறை தாச்சி" என்றேன். உண்டார், இன்னொன்றும் கேட்டார்.