விலைவாசிக் கணக்கிலிருந்து உணவை நீக்க முடியுமா?

புதுதில்லி: 2023 ஜூலையில் தலைநகரின் தெருக்களில் வேன்களை நிறுத்தித் தக்காளி விற்க வேண்டிய நிலை மத்திய அரசுக்கு ஏற்பட்டது. தேசிய கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு கிலோ ரூ. 90-க்குத் தொடங்கிய விற்பனை சில நாள்களில் ரூ. 70-க்கு இறங்கியது. அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். காய்கறி விலை மட்டும் ஓராண்டில் 37 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது.

தக்காளி விலை ஏறினால் வீட்டுக் கடன் வட்டி ஏன் குறையக் கூடாது? கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஆண்டே நிதியமைச்சகத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையே வெளிப்படையான கருத்து வேறுபாட்டுக்கு இதுவே காரணமாயிற்று.

2016-ல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் கீழ், சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருப்பது வங்கிக்கு இலக்காக நிர்ணயிக்கப்பட்டது. இரண்டு சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். வட்டி விகிதத்தை 6 பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு முடிவு செய்யும். உர்ஜித் படேல் தலைமையிலான குழு 2014-ல் அளித்த பரிந்துரையில் பிறந்த ஏற்பாடு இது.

அதற்கு முன் ரிசர்வ் வங்கி பெரிதும் மொத்த விலைக் குறியீட்டெண்ணையே கவனித்து வந்தது. அதில் உணவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆனால் 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட சில்லறைக் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதம். ஆக, இலக்கின் ஏறக்குறைய பாதி, மழையையும் மண்டியையும் சார்ந்ததாகிவிட்டது. வட்டியை உயர்த்தி வெங்காயம் விளைவிக்க எந்த ஆளுநராலும் முடியாது.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதற்குச் சிறு கணக்குப் போதும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெபோ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக உயர்ந்தது. 20 ஆண்டுத் தவணையில் ரூ. 30 லட்சம் கடன் பெற்றவரின் வட்டி அதற்கேற்ப 7-லிருந்து 9.5 சதவீதமானால், மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 4,700 கூடும். காய்கறிக் கடையில் கூடுதலாகக் கொடுத்தவரே வங்கியிலும் கூடுதலாகக் கொடுத்தார்.

ஆய்வறிக்கை கிளப்பிய சர்ச்சை: 2024 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, உணவு நீங்கலான பணவீக்கத்தை இலக்காகக் கொள்வது பற்றி ஆராயலாம் என்றது. உணவு விலை உயர்வால் பாதிக்கப்படும் ஏழைகளுக்கு நேரடிப் பணமோ கூப்பனோ தரலாம் என்பது அதன் யோசனை. அடுத்த மாதமே அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் இதை ஏற்க மறுத்தார். சாதாரண மக்கள் விலைவாசியை உணவு விலையைக் கொண்டே உணர்கிறார்கள் என்பது அவரது வாதம். அவ்வாண்டு அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதத்தைத் தொட்டது. நவம்பரில் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல், உணவு விலையைப் பார்த்து வட்டியை முடிவு செய்யும் கோட்பாடே தவறு என்றார். அது தமது சொந்தக் கருத்து என்றும் சேர்த்துக் கொண்டார்.

கோயல் கூறியதற்கு ஏட்டறிவின் ஆதரவு இல்லாமல் இல்லை. அடிக்கடி ஏறி இறங்கும் விலைகளை விட்டுவிட்டு, எளிதில் மாறாத விலைகளையே மத்திய வங்கி நிலைநிறுத்த வேண்டும் என்று கோசுகே ஆவோகி 2001-ல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அமெரிக்க நுகர்வோர் குறியீட்டெண்ணில் உணவின் பங்கு ஏழில் ஒன்று அளவுதான். அங்கே இந்த வாதம் எளிதில் பொருந்தும்.

ஏழை நாடுகளுக்கு அது பொருந்தாது என்று 2010-ல் ராகுல் ஆனந்த், ஈஸ்வர் பிரசாத் ஆகியோர் எழுதினர். அவர்களது வாதம் எளிமையானது. சேமிப்போ கடன் வசதியோ இல்லாத குடும்பம், விலை ஏறிவிட்டது என்பதற்காக அரிசியைத் தள்ளிப்போட முடியாது. உணவை விற்போரின் வருவாய் உயர, அவர்களும் அதைச் செலவிட்டு விடுகிறார்கள். தேவை குறையாததால் விலை உயர்வு மற்றப் பொருள்களுக்கும் கூலிக்கும் பரவுகிறது. எனவே உணவு உள்ளிட்ட முழுப் பணவீக்கத்தையே இலக்காகக் கொள்வது இத்தகைய நாடுகளில் மேல் என்பது அவர்களது முடிவு. கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 2011-12-ல் 52.9 சதவீதம், 2023-24-ல் 47.04 சதவீதம். குறியீட்டெண்ணில் உணவின் எடை குறைய இது நியாயமான காரணம். அறவே நீக்குவதற்கு அல்ல.

காற்று திசை மாறியபோது: 2025-ல் நிலைமை தலைகீழாயிற்று. அக்டோபரில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் வீழ்ந்ததால் பணவீக்கம் 0.25 சதவீதமாகச் சரிந்தது. 2012 வரிசையில் அதுவே மிகக் குறைந்த அளவு. அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரெபோ விகிதம் 6.50-லிருந்து 5.25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உணவும் எரிபொருளும் நீங்கலான பணவீக்கமோ அந்த அக்டோபரில் 4 சதவீதத்துக்கு மேலாகவே இருந்தது. அந்த அளவுகோலை ஏற்றிருந்தால் 2024-லேயே வட்டி குறைந்திருக்கக் கூடும். 2025-ல் இத்தனை முறை குறைந்திருக்குமா என்பது ஐயமே. விலை ஏறியபோது எழுந்த குரல்கள் விலை விழுந்தபோது அவ்வளவாகக் கேட்கவில்லை.

வட்டிக்கு எட்டாத உணவு விலையை அரசு வேறு வழியில் பிடித்து வந்தது என்பதுதான் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி. 2022 மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்கும், 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கும் தடை வந்தது. வெங்காயத்துக்கு 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் முழுத் தடை. நாசிக் விவசாயிகள் மண்டிகளை மூடிப் போராடினர். 2024 மே மாதத்தில், அப்பகுதியில் வாக்குப்பதிவு நடைபெறுவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில் தடை நீங்கியது. ஆயினும் நாசிக், திண்டோரி மக்களவைத் தொகுதிகள் ஆளும் கூட்டணியின் கையைவிட்டுப் போயின. நகரத்து நுகர்வோருக்காகத் தரப்பட்ட சலுகையின் விலையை வெங்காயம் பயிரிட்டவர் கொடுத்தார். இத்தடைகள் வர்த்தக அமைச்சகத்தின் அறிவிக்கைகள் வழியே வந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

விளக்கம் கேட்பதிலும் இதே நிலைதான். 2022-ல் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டியதால், சட்டப்படி ரிசர்வ் வங்கி அரசுக்குக் காரணம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. அக்கடிதம் அப்போது வெளியிடப்படவில்லை. விலையைத் தாங்கியவர்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

உணவு உள்ளிட்ட பணவீக்கமா, உணவு நீங்கலானதா என்ற கேள்வியை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விவாத அறிக்கையில் ரிசர்வ் வங்கியே முன்வைத்துப் பொதுமக்களின் கருத்தைக் கோரியது. ஏற்றுமதித் தடைகளை எப்போது, யாரைக் கேட்டு விதிப்பது என்ற கேள்விக்கு இதுபோன்ற விவாத அறிக்கை எதையும் வர்த்தக அமைச்சகம் அப்போது வெளியிடவில்லை.